மொழியறிந்த எழுதுகருவி

பெங்களூரின் பாளையப் பகுதியில் வாழும் நேயர்களுக்குப் பிரேசர் டவுனைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு, வீலர் ரோடு, மாதவராய முதலியார் ரோடு என்று அதன் தெருப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே அங்கு வந்து குடியேறிய பல மக்களின் வரலாறு ஒருவாறு புலப்பட்டுவிடும். 1898-ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான வீடுகளிலே உயிர்ச்சேதம் மிகுந்தது. அந்தத் துன்பத்தின் பயனாகவே, பின்வந்த ஆண்டுகளில், அகன்ற தெருக்களோடு இப்புதிய பேட்டை வகுக்கப்பட்டது. மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நகராட்சிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக்குக்கு இடந்தராத நகர அமைப்பைப் பற்றி 1914-இல் ஒரு நூலே எழுதினார். இன்று அரசாங்க ஏடுகளில் அப்பகுதி புலிகேசி நகர். மக்கள் வாக்கில் இன்றும் பிரேசர் டவுன்தான்.

இப்பழைய செய்தியை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நோய் வந்த பின் மருந்து தேடுவது ஒரு முறை. எலி வளை தோண்டவே இடமில்லாதபடி வீட்டைக் கட்டுவது மற்றொரு முறை. அந்த இரண்டாவது முறை வீடு கட்டுவோருக்கு மட்டும் உரியதன்று. அதே பெங்களூரில் இன்று ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் ஈடுபட்டிருக்கும் மென்பொருள் தொழிலுக்கும் அது பொருந்தும். நிரலை எழுதி முடித்து, ஓட்டிப் பார்த்து, அது வீழ்ந்த பின் பிழையைத் தேடுவது பழைய வழக்கம். எழுதும்பொழுதே பிழைக்கு இடந்தராமல் காப்பது புதிய வழக்கம். இப்புதிய வழக்கத்திற்குத் துணை நிற்பது 'எடிட்டர்' என்று தொழிலில் வழங்கும் எழுதுகருவி. அதனைக் குறித்தும், அதனை நம் கைக்கும் நம் மொழிக்கும் ஏற்ப அமைத்துக்கொள்வது குறித்தும் இன்று சிறிது ஆராய்வோம்.

பிரேசர் டவுனுக்கு மேற்கே சிறிது தொலைவில் மில்லர்ஸ் ரோடு இருக்கிறது. அங்குள்ள சோனா டவர்ஸ் என்னும் கட்டடத்திலேதான் 1985-ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் தன் மென்பொருள் பணியைத் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியின் பகுதிகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின என்று இன்றும் சொல்லுவார்கள். அந்நாளில் நிரல் எழுதியவர்களுக்கு எடிட்டர் என்பது பெரும்பாலும் ஒரு வெறும் தாள் போன்றது. எழுத்தை ஏற்கும், அழிக்கும், சேமிக்கும். எழுதியது என்ன மொழி, அதன் பொருள் யாது என்பது அதற்குத் தெரியாது. இன்றைய எடிட்டர் அப்படிப்பட்டதன்று. அது நாம் எழுதும் நிரல்மொழியின் இலக்கணத்தை அறிந்தது.

இலக்கணம் அறிந்தது என்றால் என்ன? ஒரு சான்று காண்போம். பைத்தான் என்னும் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வெளிவந்தது. அதுமுதல் நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத இயலும். ஒருவர் கடைக்கணக்கு நிரல் ஒன்று எழுதுகிறார் என்று கொள்வோம். விற்பனை வரியைக் குறிக்க 'வரி' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். வேறோர் இடத்தில், அச்சிடவேண்டிய தாளின் ஒவ்வொரு வரியையும் குறிக்க அதே 'வரி' என்னும் பெயரை ஆண்டிருக்கிறார். வாடிக்கையாளரின் 'முகவரி'யும் அதே நிரலில் இருக்கிறது. பின்னொரு நாள், விற்பனை வரியை மட்டும் 'தீர்வை' என்று மாற்ற விரும்புகிறார். வெறும் எழுத்தைத் தேடி மாற்றும் கருவியிடம் இவ்வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அச்சுத்தாளின் வரியும் தீர்வையாகிவிடும். முகவரியோ 'முகதீர்வை' ஆகி நிற்கும்! மொழியறிந்த எடிட்டரோ, எந்த 'வரி' எங்கே பிறந்தது, அதன் ஆட்சி எந்த எல்லை வரையில் செல்லும் என்பதை அறிந்து, உரியதை மட்டும் மாற்றும், மற்றவற்றைத் தொடாது.

தமிழிலக்கணம் பயின்றவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒரு வாக்கியத்தை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பிரித்த பின்னர்தானே ஒரு சொல் அங்கே என்ன பொருளில் நிற்கிறது என்று துணிகிறோம்? எடிட்டரும் நிரலை அவ்வாறே பகுத்து, கிளையும் கொப்புமாக ஒரு மரம்போல் அமைத்துக்கொள்கிறது. நாம் ஓர் எழுத்தைச் சேர்த்தால் மரம் முழுவதையும் மீண்டும் கட்டாமல் அந்தக் கிளையை மட்டும் திருத்திக்கொள்ளும் முறைகளும் உள்ளன. 2018-இல் மேக்ஸ் பிரன்ஸ்பெல்டு அறிமுகம் செய்த 'ட்ரீ-சிட்டர்' அத்தகையது. பாதி எழுதிய நிலையில் நிரல் குறையுடையதாகவே இருக்கும். அக்குறையையும் பொறுத்துக்கொண்டு மற்றப் பகுதியைச் சரியாக உணர்வதே அதன் சிறப்பு.

இந்த அறிவை எடிட்டருக்கு ஊட்டுவது எளிதாயிருக்கவில்லை. எடிட்டர்கள் பல, நிரல்மொழிகளும் பல. பத்து எடிட்டர்களும் இருபது மொழிகளும் இருப்பின், ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே கற்பிக்க இருநூறு முயற்சிகள் வேண்டும். 2016-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் இதற்கு ஒரு பொதுவழியை அறிவித்தன. 'லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால்' என்பது அதன் பெயர். மொழியறிவை எடிட்டருக்குள்ளே புதைக்காமல், ஒவ்வொரு மொழிக்கும் தனியே ஒரு துணை நிரலை அமைத்துவிடுவது. எடிட்டரும் அத்துணையும் ஒரே வகைப் பேச்சில் வினாவி விடை பெறுவது. இதுவே அதன் கருத்து. பாளையத்துத் துரைமார்களுக்கும் ஊராருக்கும் இடையே துபாஷிகள் நின்று பேசிய வரலாறு நாம் அறிந்ததே. இத்துணை நிரலும் ஒரு துபாஷியே. "இவ்விடத்தில் பிழை உண்டா?", "இச்சொல் எங்கே பிறந்தது?", "அடுத்து என்ன எழுதலாம்?" என்று எடிட்டர் கேட்கும், துபாஷி விடை சொல்லும். இருநூறு முயற்சிகள் வேண்டிய இடத்தில் இப்பொழுது முப்பதே போதும்.

இதன் பயன் சாமானியமானதன்று. 2015-இல் வெளிவந்த விஷுவல் ஸ்டூடியோ கோடு என்னும் எடிட்டரும், 1985 முதல் வழங்கும் க்னூ ஈமாக்ஸும், 1991-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலினார் வெளியிட்ட விம்மின் வழிவந்த நியோவிம்மும் இன்று ஒரே துபாஷியைக் கொண்டு வேலை செய்ய முடிகிறது. ஆகவே, அலுவலகத்தில் ஒரு கருவி, வீட்டில் ஒரு கருவி என்று வைத்திருப்பவர்களும், பழைய கணிப்பொறியையே வைத்திருக்கும் மாணவர்களும் ஒரே தரமான உதவியைப் பெறலாம். இவற்றுள் ஈமாக்ஸும் விம்மும் நியோவிம்மும் விலையின்றிக் கிடைப்பன. மூலநிரலும் யாவருக்கும் திறந்திருப்பது. ஏழை மாணவன் ஒருவனுக்கு இது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இனி, நம் தாய்மொழியின் நிலையைக் காண்போம். நிரல்மொழியின் இலக்கணத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த எடிட்டர், தமிழெழுத்தை எவ்வளவு அறிந்திருக்கிறது? 'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அதில் எழுத்துகள் மூன்று: த, மி, ழ். யூனிகோடு முறையிலோ குறியீடுகள் ஐந்து. 'மி'யின் கொக்கியும் 'ழ்'இன் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎப்-8 முறையில் சேமித்தால் பைட்டுகள் பதினைந்து. ஒரு சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் மூன்று, ஐந்து, பதினைந்து என்று மூன்று விடைகள்! எடிட்டர் கர்சரை நகர்த்தும்பொழுது எதனைக் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்து, எழுத்தின் நடுவே கர்சர் சிக்கிக்கொள்வதும், ஓரெழுத்தை அழிக்க விரும்பினால் கொக்கி மட்டும் மறைவதும் நேரும். கொக்கியை மட்டும் அழிப்பது 'மி'யை 'மீ'யாக்க உதவும் என்பதும் உண்மை. எது எப்பொழுது நிகழும் என்பதை நாம் தெரிந்துகொண்டிருந்தால் குழப்பம் இராது.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. 'கொ' என்னும் எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே குறியீடு உண்டு. கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டாலும் திரையில் அதே வடிவந்தான் தோன்றும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு வேறு. 'ஔவை' என்பதை முறையான 'ஔ' கொண்டு ஒருவர் எழுதுகிறார். மற்றொருவர் 'ஒ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்து இட்டுவிடுகிறார். ஆயிரம் நூல்கள் கொண்ட ஒரு பட்டியலில் ஔவையாரைத் தேடினால் பாதி நூல்கள் அகப்படாமற் போகும். பைத்தான் தன் பெயர்களில் 'கொ'வின் இருவகையையும் ஒன்றாகவே கொள்ளும். மேற்கோட்குறிக்குள் வரும் சொற்களை அவ்வாறு இணைக்காது. 'ஒ', 'ள' என்னும் பிழையையோ எந்த நிலையிலும் தானாகத் திருத்தாது. தமிழ்ச் சங்கத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ ஒரு பட்டியல் நிரல் எழுத முன்வரும் இளைஞர் இந்த நுட்பத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஓபன்-தமிழ் என்னும் நிரல்தொகுப்பு, தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தெண்ணும் பணியைச் செய்து தருகிறது.

நிரல்மொழியே தமிழாக அமைந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் மொழியை அவர் 2009-இல் ஓர் ஆய்வுரையின் வாயிலாக அறிவித்தார். அதில் அச்சிடுவதற்குப் 'பதிப்பி' என்று கட்டளை, செயற்கூறுக்கு 'நிரல்பாகம்', விடை தருவதற்குப் 'பின்கொடு'. ஆங்கிலச் சொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களைப் பெய்ததோடு அது நின்றுவிடவில்லை. ஆங்கில வழி நிரல்களில் 'இப்படியானால்' என்னும் சொல் முதலில் வரும். நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே நிற்கும். 'ஆனால்' என்பது பின்னே வரும். தமிழ் வாக்கியத்தின் இயல்பே அதுவன்றோ? ஆங்கில வரிசையை மட்டும் எதிர்பார்த்துச் செய்யப்பட்ட எடிட்டர் இங்கே தடுமாறும். மொழியறிந்த எடிட்டருக்கு எழிலின் இலக்கணத்தைக் கற்பித்துவிட்டால் தடுமாற்றம் தீரும். பிற மாநிலத்தில் பிறந்து, தமிழைப் பேசத் தெரிந்தும் எழுதப் பழகாத நம் குழந்தைகளுக்கு, கணிப்பொறி விளையாட்டின் வாயிலாகத் தமிழெழுத்தை அறிமுகம் செய்ய இத்தகைய மொழிகள் ஒரு நல்ல வாயில்.

இங்கே நாம் ஜப்பானியரை நினைத்துக்கொள்ளல் தகும். ஈமாக்ஸ் எடிட்டர் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துக்கே ஏற்றதாக இருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் கெனிச்சி ஹண்டாவும் அவருடன் உழைத்தவர்களும், தங்கள் மொழியை அதில் எழுதவேண்டும் என்று கருதி, 'மியூல்' என்னும் பன்மொழி விரிவை உருவாக்கினர். 1997-இல் வெளிவந்த ஈமாக்ஸின் இருபதாம் பதிப்பில் அது சேர்ந்தது. தம் மொழிக்காக அவர்கள் அமைத்த அடித்தளத்தின்மேல் உலகின் பிற மொழிகளும் ஏறி நின்றன. இன்று ஈமாக்ஸில் தமிழை ஒலிவழியிலும் இன்ஸ்கிரிப்ட் வழியிலும் தட்டெழுதும் முறைகள் உள்ளேயே அமைந்துள்ளன. ஒரு மொழியினர் தம் குறையைத் தாமே தீர்க்க முற்பட்டால் அதன் நன்மை பிற மொழியினருக்கும் போய்ச் சேரும் என்பதற்கு இது தக்க சான்று. பெங்களூரில் வாழும் தமிழர் கர்சர் நகர்விலும் தேடலிலும் உள்ள குறையைக் களைய உழைத்தால், அடுத்த வீட்டுக் கன்னடியருக்கும் அது பயன்படும். கன்னட எழுத்திலும் உயிர்க்குறிகளும் கூட்டெழுத்துகளும் இருக்கின்றன அல்லவா? வாழவைத்த ஊருக்கு நாம் செய்யும் கைம்மாறாகவும் அது அமையும்.

இனி எடிட்டரை நமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, எழுத்துரு. நிரல் எழுதுவோர் எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவை விரும்புவர். தமிழிலோ 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்கா. ஆகையால் எழுத்துருப் பட்டியலில் ஆங்கிலத்துக்குரியதை முதலிலும், தெளிவான தமிழ் எழுத்துரு ஒன்றை அடுத்தும் குறிப்பிட்டு, வரியின் உயரத்தைச் சிறிது கூட்டிவிட வேண்டும். மேற்கொக்கியும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படா. தமிழ் கலந்த வரிகளை இடைவெளியிட்டு நெடுக்காக ஒழுங்குபடுத்த முயல்வது வீண் உழைப்பு.

இரண்டாவது, விசைகள். எடிட்டரின் விசைக் கட்டளைகளை நம் விருப்பம்போல் மாற்றலாம். தமிழ்-99 விசைப்பலகையில் எழுதும்பொழுது, ஆங்கில எழுத்தை எதிர்பார்க்கும் சில கட்டளைகள் செயற்படாமற் போவதுண்டு. விம்மில் இது மிகுதி. அங்கே சாதாரண எழுத்துகளே கட்டளைகள். உள்ளிடும் நிலையில் மட்டும் தமிழும், கட்டளை நிலையில் ஆங்கிலமும் தானே மாறும்படி அமைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, ஒழுங்கு. கோப்பைச் சேமிக்கும்பொழுதே வரிகளைச் சீராக்கும்படி எடிட்டரைப் பணிக்கலாம். பலர் கூடிச் செய்யும் வேலையில், இந்த அமைப்புகளை வேலைக்குரிய கோப்புகளோடு சேர்த்தே வைக்க வேண்டும். தனக்கு மட்டும் உரிய விருப்பங்களைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பொதுவுக்கும் தனிமைக்கும் உள்ள இந்த வரம்பை மதித்தால் பாதிப் பூசல் குறையும்.

நான்காவது, எச்சரிக்கை. எடிட்டருக்கு நீட்சிகள் என்னும் துணை உறுப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றுட் பல, நம் கணிப்பொறியில் நமக்குள்ள அதிகாரம் முழுவதையும் தாமும் பெற்று இயங்குவன. முன்பின் அறியாதவரை வீட்டுக்குள் விட்டுச் சாவியையும் கொடுப்போமா? வேண்டியதை மட்டும், செய்தவர் யாரென்று அறிந்து, சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளைக் கொண்டு நிரலின் பொருளையே மறைக்க இயலும் என்று 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் எடுத்துக்காட்டினர். அத்தகைய குறியீடுகளை வெளிப்படுத்திக் காட்டும் அமைப்பை எடிட்டரில் அணைக்காமல் வைத்திருத்தல் அறிவுடைமை.

இக்காலத்தில், அடுத்து எழுதவேண்டியதைச் செயற்கை அறிவே முன்வந்து எழுதிக் காட்டும் கருவிகளும் எடிட்டருக்குள் புகுந்துவிட்டன. 2021-இல் வெளிவந்த கிட்ஹப் கோபைலட்டை அவற்றுள் முன்னோடி எனலாம். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். முன்னர்க் கூறிய துபாஷி இலக்கணத்தைக் கொண்டு முடிவு சொல்வது. செயற்கை அறிவோ முன்பு கண்டவற்றைக் கொண்டு ஊகித்துச் சொல்வது. அறிதல் வேறு, ஊகித்தல் வேறு. ஊகம் பல வேளைகளில் பொருந்தும். பொருந்தாத வேளையிலும் அதே துணிவோடு நிற்கும். ஆகவே ஊகத்தை ஏற்குமுன் இலக்கணம் அறிந்த துணையிடம் காட்டி, பின்னர் நம் அறிவாலும் சோதித்து, அதன் பிறகே ஏற்க வேண்டும். இவ்வொழுக்கத்தைத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் தொடக்கத்திலேயே பழகுதல் நன்று. ஏனெனில், தாம் எழுதியதற்குப் பொறுப்பேற்பவரையே உலகம் தொழிலாளர் என்று மதிக்கும். கருவி தந்ததை அப்படியே கொடுப்பவரின் இடத்தைக் கருவியே எடுத்துக்கொள்ளக்கூடும்.

தாய்நாட்டை விட்டு வேற்று மாநிலம் சென்று உழைக்கும் தமிழருக்குக் கைத்தொழிலே முதல். தச்சருக்கு உளி எப்படியோ, கொல்லருக்குச் சம்மட்டி எப்படியோ, அப்படியே மென்பொருளாளருக்கு எடிட்டர். பிறர் அமைத்துக் கொடுத்த உளியை அப்படியே பிடிக்கும் தச்சர் இல்லை. தம் கைக்கேற்பப் பிடியைச் செதுக்கிக்கொள்வார், தாமே தீட்டிக்கொள்வார். நாமும் நம் எழுதுகருவியை அவ்வாறு உரிமையோடு கையாள வேண்டும். நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கி, அதன் அமைப்புகளுள் ஒன்றைக் கற்றால், ஓராண்டில் அது நம் சொற்படி நடக்கும் துணையாகிவிடும்.

இறுதியாக ஒன்று கூற விரும்புகிறோம். உங்கள் எடிட்டரில் தமிழெழுத்து பிளவுபட்டுத் தோன்றினாலும், தேடிய தமிழ்ச்சொல் அகப்படாமற் போனாலும், "நம் மொழிக்கு இவ்வளவுதான்" என்று சலித்து விட்டுவிடாதீர்கள். திறந்த மூலநிரலுடைய கருவிகளில் குறையை எழுதித் தெரிவிக்க வழி உண்டு. எந்தச் சொல், எத்தனையாவது குறியீடு, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன என்று தெளிவாக எழுதியனுப்புங்கள். இயன்றவர்கள் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். யாரும் சொல்லாத குறை, குறையென்றே எண்ணப்படுவதில்லை. எண்ணிக்கையில் கோடிக்கணக்கினராகிய நாம் வாய்திறவாதிருந்துவிட்டு, கருவிகள் நம் மொழியை அறியவில்லை என்று வருந்துவதிற் பயனில்லை. மொழியறிந்த எழுதுகருவிக்கு நம் மொழியையும் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையதே.